கண்ணீரும் கல்வெட்டும்

ஒவ்வொரு முறை ஒரு நடிகர் இறக்கும்போதும் அதே குற்றச்சாட்டு எழுகிறது: எல்லையில் செத்தவனுக்கு இந்தக் கூட்டம் ஏன் வரவில்லை? கேட்பவர்களில் முன்னாள் படைவீரர்கள் உண்டு. பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்பிவிட்டு, நேரங்கெட்ட நேரத்தில் அடிக்கும் போனுக்குப் பயந்தே வாழும் பெற்றோரும் உண்டு. வீம்புப் பேச்சென்று அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் கோபம் நியாயமாக இருப்பதாலேயே அது சரியான ஆள்மீது பாய்கிறது என்று ஆகிவிடாது. இரண்டு வகைச் சாவையும் அருகருகே கண்டது நெல்லைச் சீமை. அந்தக் குற்றச்சாட்டை அங்கே வைத்தே உரசிப் பார்க்கலாம்.

2019 பிப்ரவரி 14. ஜம்முவிலிருந்து ஸ்ரீநகருக்கு 78 வண்டிகளில் போய்க்கொண்டிருந்த மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர்மீது, புல்வாமா மாவட்டத்தில் வெடிமருந்து ஏற்றிய கார் மோதியது. 40 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டவர் இருவர்: அரியலூர் மாவட்டம் கார்குடி சிவச்சந்திரன், கயத்தாறு அருகே சவலாப்பேரி சுப்பிரமணியன். பொங்கல் விடுப்பு முடிந்து திரும்பிப் போயிருந்தவர் சுப்பிரமணியன். உடல் வந்து சேர்ந்த அன்று சுற்றுப்பட்டி ஊர்களெல்லாம் சவலாப்பேரியில் நின்றன. துப்பாக்கிகள் முழங்க அடக்கம் நடந்தது. மாநில அரசு ஒவ்வொரு குடும்பத்துக்கும் 20 லட்சம் ரூபாய் அறிவித்தது. அந்த வாரம் தமிழகமெங்கும் மெழுகுவத்தி ஏந்திப் போனவர்கள் பலர். யாரும் அழவில்லை என்ற பேச்சு சவலாப்பேரியில் செல்லாது.

இரண்டு ஆண்டு கழித்து, 2021 ஏப்ரல் 17-ல் நடிகர் விவேக் மறைந்தார். கோவில்பட்டியில் பிறந்தவர், பூர்வீகம் சங்கரன்கோவில் பக்கம் பெருங்கோட்டூர். சென்னையில் காவல்துறை மரியாதையுடன் தகனம் நடந்தது. திருநெல்வேலியைக் களமாகக் கொண்ட ‘சாமி’ 2003-ல் வந்த நாளிலிருந்து அவருடைய குரல் இங்கே எத்தனையோ வீடுகளில் இரவுச் சாப்பாட்டோடு சேர்ந்தே ஒலித்தது. இத்தனை ஆண்டுப் பழக்கம் ஒரே காலையில் அறுந்தால் நெஞ்சு வலிக்கத்தான் செய்யும். துக்கம் பழக்கத்தின் பிள்ளை. சுப்பிரமணியனைச் சவலாப்பேரி குழந்தையிலிருந்து அறிந்திருந்தது. பாளையங்கோட்டைக்கு அந்தப் பெயர் அவர் இறந்த பிறகுதான் தெரியும். முன்பின் அறியாத ஒருவருக்காக, அறிந்தவருக்கு அழுவதுபோலவே அழச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. அப்படி வரவழைக்கும் அழுகையால் இறந்தவருக்குப் பெருமையும் இல்லை.

ரசிகரின் துக்கம் வெறும் கூச்சல் என்பதும் பொய். அப்துல் கலாம் சொன்னதை ஏற்று, ஒரு கோடி மரம் என்ற இலக்கோடு நட்டுவந்தவர் விவேக். அவர் இறந்தபோது ஊர் ஊராக மக்கள் மரக்கன்று நட்டார்கள். துக்கம் ஒரு வேலையாக மாறிய அந்த நாட்களை நான் மதிக்கிறேன்.

ஆகவே, ரசிகன்மீதான வழக்கு நிற்காது. ஆனால் அதோடு எல்லோரும் விடுதலை ஆகிவிடவில்லை. மக்களின் கண்ணீருக்கு அளவில்லை; அரசு தரும் மரியாதைக்கும் செய்தி நேரத்துக்கும் அளவு உண்டு. ஒருவருக்குக் கொடுப்பது இன்னொருவருக்குக் குறைவது அங்கேதான்.

2018 பிப்ரவரியில் ஸ்ரீதேவியின் உடல்மீது மூவர்ணக் கொடி போர்த்தப்பட்டது. சிவகாசிப் பக்கத்து மீனம்பட்டியில் பிறந்த அந்தப் பெரிய கலைஞர் மரியாதைக்கு உரியவர்தான். ஆனால் யாருக்கு அரசு மரியாதை என்பதை அந்த நேரத்து முதலமைச்சரின் விருப்பமே முடிவு செய்கிறது. வரையறுத்த அளவுகோல் இல்லாத இடத்தில், புகழே அளவுகோலாகிவிடும். கடமையில் உயிர்விட்டவனுக்கு உரிமையாகக் கிடைக்கும் கொடி, புகழ்பெற்றவருக்குச் சலுகையாகவும் கிடைக்கும்போது அந்த உரிமையின் கனம் குறைகிறது.

செய்தித் தொலைக்காட்சிகளின் பங்கு இதைவிடக் கடுமையானது. 2020 ஜூன் 14-ல் நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத் இறந்தார். மறுநாள் இரவு கல்வான் பள்ளத்தாக்கில் 20 ராணுவ வீரர்கள் உயிரிழந்தார்கள். அவர்களில் ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூர் ஹவில்தார் பழனியும் ஒருவர். அடுத்த சில மாதங்கள் வடநாட்டுச் சேனல்கள் எதைத் தின்று கொழுத்தன என்பதை நாம் பார்த்தோம். நடிகருக்காகவாவது அழுதார்களா என்றால், அதுவுமில்லை. அவருடைய சாவைக் குதறி விற்றார்கள். கல்வானுக்கு முந்தைய மாதம், ஊரடங்கு நாட்களில், ஹந்த்வாராவில் இறந்த மூன்று ரிசர்வ் போலீஸ் வீரர்களில் ஒருவர் செங்கோட்டை பக்கத்துச் சந்திரசேகர். தென்காசி மாவட்டத்துக்கு வெளியே அந்தப் பெயரை எத்தனை பேரால் சொல்ல முடியும்?

பெயர் என்றதும் அரசு வகுத்திருக்கும் பிரிவுகளையும் பார்க்க வேண்டும். புல்வாமாவுக்குப் பதினோரு நாள் கழித்து, 2019 பிப்ரவரி 25-ல், டெல்லியில் தேசியப் போர் நினைவகம் திறக்கப்பட்டது. அது முப்படைகளுக்கு உரியது. சுப்பிரமணியன் போன்ற துணை ராணுவத்தினருக்கு, 2018-ல் திறந்த தேசிய காவலர் நினைவகம். குண்டு சீருடை பார்த்து வெடிப்பதில்லை. இறந்தபின் பட்டியலைப் பிரித்து வைக்கும் நிர்வாகத்துக்குக் காரணங்கள் இருக்கலாம். கயத்தாற்றில் பஸ்ஸுக்கு நிற்கும் ஒருவருக்கு அந்தக் காரணங்கள் எதுவும் வேண்டியதில்லை. அவர் கண்ணில் படும்படி அந்தப் பெயர் எங்கே இருக்கிறது என்பதே கேள்வி.

இந்தக் கேள்விக்குக் கயத்தாறே பழைய பதில் ஒன்றை வைத்திருக்கிறது. 1799 அக்டோபர் 16-ல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஊர் அது. அந்த வழியே போனவர்கள் ஆளுக்கொரு கல்லைப் போட்டுப் போட்டு அங்கே ஒரு குவியலே எழுந்தது என்பது வழிவழியாக வரும் செய்தி. கும்பினி ஆட்சியில் வேறெப்படி மரியாதை செய்வது? கதைப்பாடல்களும் எழுந்தன, பின்னாளில் நாங்குநேரிக்காரரான நா. வானமாமலை அவற்றைத் தேடிப் பதிப்பித்தார். அந்தப் பாடல்களின் பெருமை, பாளையக்காரரோடு நிற்காமல் வெள்ளையத்தேவன், சுந்தரலிங்கம் என்று உடன் நின்று மடிந்தவர்களையும் மறவாமல் வைத்தது. அதற்கும் முந்தைய நடுகல் மரபிலும் அப்படித்தான். ஆநிரை மீட்கப் போய் மாண்ட சாதாரண மறவனுக்கு ஊர் கல் நட்டது. பெயரையும் செய்ததையும் அதில் பொறித்தது.

1959-ல் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ வந்தது. கட்டபொம்மனாக நடித்த சிவாஜி கணேசனே பின்னர் கயத்தாற்றில் இடம் வாங்கிச் சிலையும் எழுப்பினார். நடிகரும் வீரரும் எதிரெதிர்க் கட்சி என்று நினைப்பவர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும். கலைஞர் ஒருவர் வீரருக்குச் செய்த கைம்மாறு அது. மேஜர் முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரல் 25-ல் சோபியானில் இறந்தார். 2015-ல் அசோக சக்கரம் கிடைத்தது. ஆனால் பெருவாரியான தமிழர் அவரை நெஞ்சில் ஏற்றிக்கொண்டது 2024 தீபாவளிக்கு ‘அமரன்’ வந்த பிறகே. படத்தின் சாதனை அது. பத்தாண்டு நம் மறதியும் அதில் தெரிகிறது. சினிமா ஒருவரைத் தேர்ந்தெடுத்துத்தான் ஒளி பாய்ச்சும். அதே மோதலில் இறந்த சிப்பாய் விக்ரம் சிங்கின் பெயர் தியேட்டர் வாசலோடு நின்றுவிட்டது. பதக்கமும் படமும் கிடைக்காதவர்களே பெரும்பான்மை. அவர்களைச் சினிமாவின் கருணைக்கு விட்டுவைப்பது அரசும் ஊரும் தம் கடனைக் கைகழுவுவது.

குற்றம் சாட்டுவோரிடமும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. 2019 ஏப்ரலில், லாத்தூர்த் தேர்தல் மேடையில், முதல்முறை வாக்காளர்கள் தம் வாக்கைப் புல்வாமாவில் இறந்தவர்களுக்கு அர்ப்பணிப்பார்களா என்று பிரதமர் கேட்டார். அடக்கமாகி இரண்டு மாதம்கூட ஆகாதவர்களைப் பிரசாரத்துக்கு இழுத்தது, ஒரு ரசிகன் மொட்டை போட்டுக்கொள்வதைவிட வீரருக்குப் பெரிய அவமரியாதை என்பது என் முடிவு. ரசிகன் தன் துக்கத்துக்காக யாரையும் வாடகைக்கு எடுப்பதில்லை.

எனவே வழக்கை மாற்றித் தொடுக்க வேண்டும். விவேக்குக்கு அழுதவரை விட்டுவிட்டு, மாவட்ட நிர்வாகத்தையும் உள்ளாட்சியையும் பள்ளியையும் கேட்க வேண்டும். 1959 அக்டோபர் 21-ல் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்சில் சீனப் படையிடம் மாண்ட 10 ரிசர்வ் போலீஸ் வீரர்களின் நினைவாக, ஆண்டுதோறும் அதே நாளில் பாளையங்கோட்டை ஆயுதப்படை மைதானத்தில் மலர்வளையம் வைக்கிறார்கள். அதிகாரிகள் வருகிறார்கள், குண்டு முழங்குகிறது. அதைச் சுற்றிப் பள்ளிக்கூடங்கள் நிறைந்த ஊர் பாளையங்கோட்டை. அந்தப் பிள்ளைகளை வரவழைத்து, ராணுவம், துணை ராணுவம், போலீஸ் என்று பிரிக்காமல், இந்த ஆற்றுப் பாசனத்து ஊர்களிலும் கரிசல் காட்டிலும் பிறந்து மடிந்தவர்களின் பெயர்களை ஊர்ப்பெயரோடு ஒருவர் வாசிக்கலாம். அதற்குப் புதிய சட்டம் வேண்டாம், டெல்லியின் உத்தரவு வேண்டாம். கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்திலிருந்து பள்ளிகளுக்கு ஒரு சுற்றறிக்கை போதும்.