சிறகில் ஒரு வெண்துளி

அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில், ஜார்ஜ்டவுன் என்னும் கடலோர ஊரில், 2021ஆம் ஆண்டு முடியும் தறுவாயில் எடுக்கப்பட்ட சில படங்கள் உண்டு. எத்தனை முறை பார்த்தாலும் அவை எனக்குத் தெவிட்டுவதில்லை. பனிக்காற்றில் கறுத்து நிற்கும் ஊசியிலை மரங்கள். உச்சியில், கிளை தாங்குமோ என்று நாம் கவலைப்படும்படி வீற்றிருக்கும் ஒரு பெரும் பறவை. ஸ்டெல்லர் கடற்கழுகு என்பது அதன் பெயர். ரஷ்யாவின் கம்சட்கா தீபகற்பமும் ஓகோட்ஸ்க் கடற்கரையும் அது கூடு கட்டும் மண். குளிர்காலத்தில் அவற்றில் பல ஜப்பானின் ஹொக்கைடோ தீவுக்கு இறங்கி வந்து, மிதக்கும் பனிப்பாளங்களின்மேல் நின்று மீன் தின்னும். உலகில் இருப்பவையே ஏறத்தாழ 5,000தான். அவற்றில் ஒன்று 7,000 கிலோமீட்டருக்கும் அப்பால், அட்லாண்டிக் கரையில் வந்து அமர்ந்திருக்கிறது. வாருங்கள், அவசரம் வேண்டாம். அங்கம் அங்கமாகப் பார்ப்போம்.

கண் முதலில் போய் நிற்பது அலகில். பச்சை மஞ்சள் கிழங்கைக் குறுக்கே நறுக்கினால் உள்ளே ஒரு நிறம் தெரியுமே, ஈரமும் ஒளியும் சேர்ந்த அந்த நிறம். நெற்றி முடியும் இடத்தில் எழும்பி, ஒரே வீச்சில் வளைந்திறங்கி, கூர்நுனியில் முடிகிற அந்தக் கோட்டில் ஒரு தயக்கமும் இல்லை. தேர்ந்த சிற்பி உளியை எடுக்காமல் இழுத்த கோடு அது. அந்த ஊர்க்காரரான வெண்தலைக் கழுகின் அலகும் மஞ்சள்தான், அதுவும் கம்பீரமான பறவைதான். ஆனால் இரண்டும் அருகருகே அமர்ந்திருக்கும் படங்களைப் பாருங்கள். 9 கிலோ வரை எடை கொள்ளும் இனத்தைச் சேர்ந்த இந்த விருந்தாளிக்குப் பக்கத்தில், வெண்தலைக் கழுகு தன் வீட்டிலேயே தம்பியாகிவிடுகிறது.

அடுத்து, கருமையும் வெண்மையும் தமக்குள் இடம் பிரித்துக்கொண்ட நேர்த்தியைப் பாருங்கள். உடலெங்கும் அடர்ந்த கரும்பழுப்பு. தோளில் மட்டும் பளிச்சென்று வெள்ளை, துண்டு போட்டுக்கொண்டது போல. தொடையில் வெள்ளை. வாலில் வெள்ளை. நெற்றியில் இலேசாகத் தீற்றிய திருநீறு போல் ஒரு கீற்று. இந்தக் கோலம் பிறவியிலேயே வருவதில்லை. குஞ்சுப் பருவம் தாண்டியும் மங்கிய பழுப்பும் திட்டுத்திட்டான வெள்ளையுமாகவே பல ஆண்டுகள் திரியும். ஆண்டுக்கு ஆண்டு இறகு உதிர்த்து, ஏறத்தாழ ஐந்து வயதில்தான் முழு அலங்காரம் கூடிவரும். ஆகவே, இதைக் கண்டவர்கள் குறிப்பேட்டில் ‘முதிர்ந்த பறவை’ என்று எழுதியபோது, அந்த இரண்டு சொற்களுக்குள் ஐந்து குளிர்காலங்களாவது அடங்கியிருந்தன.

இப்போது அது பறக்கட்டும். விரித்த சிறகின் அகலம் இந்த இனத்தில் இரண்டரை மீட்டர் வரை போகும். கயிற்றுக் கட்டிலின் நீளத்தையும் மிஞ்சும் அளவு. ஆனால் நயம் அளவில் இல்லை, வடிவில் இருக்கிறது. உடலை ஒட்டிய இடத்தில் ஒடுங்கி, நடுவில் அகன்று, நுனியில் விரல்களாகப் பிரிகிற சிறகு, படகோட்டியின் துடுப்பை நினைவூட்டும். பின்னால் ஆப்பு வடிவில் குவியும் வெள்ளை வால். சூரியனுக்கு எதிரே, நிறம் எதுவுமே தெரியாத நிழலுருவாகப் போனாலும், பழகிய கண்ணுக்கு அந்த வரிவடிவம் ஒன்றே போதும்.

அந்தச் சிறகுகளில்தான் நான் உங்களுக்குக் காட்ட நினைத்தது இருக்கிறது. இன்னும் நெருங்கிப் பாருங்கள். முழுக் கருமையாக இருக்கவேண்டிய இறகுகளிடையே, யாரோ சுண்ணாம்பு தொட்ட விரலை உதறியது போல், சின்னஞ்சிறு வெள்ளைத் தடங்கள். இந்த இனத்தின் பொது அடையாளம் அல்ல அது. இந்த ஒரே ஒரு பறவைக்கு உரிய மச்சம்.

மெயின் படங்களுக்கு ஓராண்டுக்கும் முன்பே, 2020 ஆகஸ்ட் இறுதியில் அலாஸ்காவின் உட்பகுதியில், டெனாலி நெடுஞ்சாலை அருகே ஒரு ஸ்டெல்லர் கடற்கழுகு தென்பட்டது. அலாஸ்காவின் தீவுகளுக்கு இந்த இனம் எப்போதேனும் வருவதுண்டு என்பதால், அது அரிய செய்தி, அவ்வளவே. 2021 மார்ச்சில் டெக்ஸாஸில் ஒன்று. அந்தக் கோடையில் கனடாவின் கிழக்கே, கியூபெக்கும் நியூ பிரன்ஸ்விக்கும் சந்திக்கும் ரெஸ்டிகூஷ் ஆற்றங்கரையில் ஒன்று. நவம்பரில் நோவா ஸ்கோஷியா. டிசம்பரில் மாசசூசெட்ஸின் டான்டன் ஆறு. பிறகு மெயின். வெவ்வேறு கைகள், வெவ்வேறு கேமராக்கள். ஒருவரை ஒருவர் அறியாதவர்கள் எடுத்த படங்களை அடுக்கிவைத்து, சிறகை மட்டும் உற்றுநோக்கினார்கள். அலாஸ்காவில் கண்ட தடங்கள் கிழக்குக் கரையிலும் அப்படியே இருந்தன! டெக்ஸாஸில் தென்பட்டதும் இதுவாகவே இருக்கும் என்று பலர் கருதுகிறார்கள். தனித்தனிச் செய்திகளாகக் கிடந்தவை அந்த வெண்துளியின் நூலில் கோக்கப்பட்டு, ஒரே உயிரின் பயணக் கதையாயின.

இந்தக் கதையைச் சுமந்த பதிவுகளிலும் ஓர் அழகு உண்டு. நல்ல பதிவு அடக்கமானது. நாள், நேரம், இடம், வெளிச்சம், தூரம், கண்டது, கேட்டது என்று அளந்து பேசும். எல்லைக்கு வெளியே வந்த பறவையானால் இன்னும் நிதானம் கூடும். வேறு எந்தப் பறவையாக இருக்கலாம், ஏன் அது இல்லை என்றும் சொல்லவேண்டும். காலில் வளையம் உண்டா, இறகு தேய்ந்திருக்கிறதா, கூண்டிலிருந்து தப்பியதோ என்று கேட்கவேண்டும். கார்னெல் பல்கலைக்கழகம் நடத்தும் இ-பேர்ட் தளத்தில் அரிய பறவையை யார் பதிந்தாலும், அந்த வட்டாரத்தை அறிந்த ஒருவர் சரிபார்த்த பிறகே அது ஏற்கப்படும். இந்த ஐயம் கண்டவரை அவமதிப்பதல்ல. பறவைக்குச் செய்யும் மரியாதை. நூறாண்டு கழித்து அந்தக் குறிப்பைப் படிப்பவருக்குச் செய்யும் மரியாதையும்கூட. இத்தனை சல்லடைகளையும் கடந்த பின், பட்டியலில் எண்ணிக்கை என்ற கட்டத்தில் ஓர் எண் நிற்கிறது: 1. இவ்வளவு கனமான ஒன்றை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பறவையின் பெயரிலும் ஒரு நயம் ஒளிந்திருக்கிறது. கேயோர்க் வில்ஹெல்ம் ஸ்டெல்லர், கடலோடி விட்டஸ் பெரிங்கின் கப்பலில் கம்சட்காவிலிருந்து கிழக்கே போன ஜெர்மானிய இயற்கையாளர். 1741இல் அலாஸ்காவின் காயக் தீவில் கரையிறங்க அவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ 10 மணி நேரம். அங்கே கொண்டையும் நீலச் சிறகும் கொண்ட ஒரு பறவை கிடைத்தது. கரோலினாவின் பறவைகளைப் பற்றிய நூலொன்றில் தாம் முன்பு பார்த்திருந்த வண்ணப்படம் அவர் நினைவுக்கு வந்தது. அந்தப் படத்தில் இருந்த நீலப்பறவையின் உறவு இது என்று கண்டார். நாம் அமெரிக்காவுக்கு வந்துவிட்டோம் என்று உறுதிகொண்டார். நிலப்படம் சொல்லாததை இறகின் நிறம் சொல்லியது.

280 ஆண்டுகளுக்குப் பிறகு, அவர் பெயரைத் தாங்கிய, அதே கம்சட்காவில் கூடு கட்டும் இனத்தைச் சேர்ந்த இந்தக் கழுகு, அதே அலாஸ்காவில் முதலில் தென்பட்டு, அமெரிக்காவின் மறுகரையைத் தொட்டது. இம்முறையும் உண்மையைச் சொன்னது இறகுதான். 2022 முதல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவின் பாறைக் கரைகளை அது தன் இடமாக்கிக்கொண்டது. 2023 பிப்ரவரியில் மெயினுக்கும் ஒருமுறை வந்து முகம் காட்டிவிட்டுப் போனது. தன் இனத்தில் வேறொன்று இல்லாத கடலோரம். ஆனாலும் அது தென்பட்ட ஊர்களிலெல்லாம் உறைபனியில் கைவிரல் மரத்துப்போக நின்று, பைனாகுலரைத் தாழ்த்த மனமில்லாமல் பார்த்திருந்த கண்கள் அதற்குத் துணையிருந்தன.

உங்கள் ஊர் ஏரியிலும் ஒருநாள், இருக்கக்கூடாத ஒரு பறவை வந்து அமரலாம். பெயர் தெரிந்த உடனே திரும்பிவிடாதீர்கள். அது சிறகு விரிக்கும்வரை காத்திருங்கள். கண்டதைக் கண்டபடியே அன்றைக்கே எழுதி வையுங்கள்.