மொன்ரிசெல்லோ: மறைப்பின் கட்டடக்கலை

ஐக்கிய அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் ஒரு குன்றின் உச்சியில் அமைந்த மொன்ரிசெல்லோ என்னும் பெருந்தோட்ட மனை, 1776இன் சுதந்திரப் பிரகடனத்தை வரைந்த தோமஸ் ஜெபர்சன் தமக்கெனத் தாமே திட்டமிட்டதாகும். அதன் சமச்சீரையும் எண்கோணக் குவிமாடத்தையும், 16ஆம் நூற்றாண்டின் இத்தாலியக் கட்டடக் கலைஞர் பல்லாடியோவின் செல்வாக்கையும் கலை விமர்சகர் பெரிதும் போற்றுவர். போற்றத் தக்கனவே. ஆயினும் ஜெபர்சனின் தனித்திறன் வேறோரிடத்தில் வெளிப்படுகின்றது: உழைப்பவரைக் கண்ணிற் படாமற் செய்வதில்.

1769இல் தொடங்கிய முதற் கட்டடத்தின் மேற்றளத்தை, பிரான்சில் ஐந்தாண்டு வாழ்ந்து மீண்ட ஜெபர்சன் 1796 முதல் இடித்துப் பெருப்பித்தார். 1809 அளவில் வேலை நிறைவெய்தியது. மூன்று தளங்கள் இருந்தும் முன்றிலில் நிற்பவருக்கு ஒன்றே உள்ளதாகத் தோன்றும்; மேற்றளச் சாளரங்கள் கீழ்த்தளச் சாளரங்களோடு இணைந்து ஒன்றெனக் காட்சி தருவதே காரணம். பெருமிதமான படிக்கட்டு எதுவுமில்லை. சுமார் இரண்டடி அகலமான செங்குத்துப் படிகளே மேலே இட்டுச் செல்கின்றன. (சுமையோடு அவற்றில் ஏறி இறங்கியோர் யாவர் என்று கேட்போர் சிலரே.) உணவறையில் கணப்பின் இருபுறமும் பொருத்திய சிறு தூக்கிகள் நிலவறையிலிருந்து திராட்சை மதுவைக் கொணரும், தட்டுகள் பொருத்திய சுழற்கதவு பதார்த்தங்களைக் கொணரும். பரிமாறுவோரை அதிகம் காணாமலே விருந்தினர் உண்ணலாம்.

இதற்கும் பல்லாடியோவே முன்னோடி எனச் சிலர் வாதிடக்கூடும். ஏவற் பகுதிகளைக் கீழ்த்தளத்தில் ஒதுக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கையே. எனினும் அவரது நாட்டுப்புற மனைகளில் களஞ்சியமும் தொழுவமும் தலைவனது இல்லத்தின் இருமருங்கும் வளைவு வரிசைகளாய் வெளிப்பட நிற்கும். ஜெபர்சனோ அச்சிறகுகளையே குன்றின் சரிவில் தாழ்த்தி, மேலே உலாவும் தளமமைத்தார். அடுக்களை, பாலறை, அடிமைகளின் அறைகள் யாவும் அத்தளங்களின் கீழாயின. நிலத்தடி வழியொன்று அவற்றை மனையோடு இணைத்தது.

திரை முழுமையானதன்று. மனைக்கு அணித்தேயிருந்த மல்பெரி வீதியில் தச்சுக்கூடமும் கொல்லுலையும் இயங்கின. ஆணிப் பட்டறையில் அடிமைச் சிறுவர் உழைத்தனர். ஜெபர்சன் தம் வாழ்நாளில் உடைமையாக்கியிருந்த மனிதர் 600க்கு மேற்பட்டோர். அவருள் ஒருவரான ஜோன் ஹெமிங்ஸ் என்னும் தச்சரின் கைவண்ணம் அம்மனையின் நுண்ணிய மரவேலைகளில் உண்டு. ‘ஜெபர்சன் கட்டிய வீடு’ என்று எழுதும் விமர்சகரும் அவரைத் தளத்தின் கீழேயே நிறுத்திவிடுகின்றனர்.

1826இல் ஜெபர்சன் கடனாளியாக இறந்தார். மறு ஜனவரியில் 130 அடிமைகள் அம்மலைமீதே ஏலத்தில் விடப்பட்டனர். மனை பின்னர் கைமாறி, 1923 முதல் ஒரு நிறுவனத்தின் பராமரிப்பிலும், 1987 முதல் உலக மரபுரிமைப் பட்டியலிலும் உள்ளது. அவருடைய பிள்ளைகளைப் பெற்றவரெனக் கொள்ளப்படும் அடிமைப் பெண் சலி ஹெமிங்ஸ் வாழ்ந்ததாகக் கருதப்படும் தெற்குச் சிறகின் அறைப்பகுதியில், 1941இல் பார்வையாளருக்கான கழிப்பறை அமைக்கப்பட்டது. அது அகற்றப்பட்டு, அவரது வாழ்வை எடுத்துரைக்கும் காட்சி 2018இலேயே அங்கு திறக்கப்பட்டது.