மீட்பவன் கையில் துப்பாக்கி

ஜான் ஃபோர்டின் ‘தி சர்ச்சர்ஸ்’ (1956) படத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1868, டெக்சாஸ். கொமாஞ்சிப் பூர்வகுடியினர் ஒரு பண்ணைவீட்டைத் தாக்கிக் குடும்பத்தைக் கொன்று, சிறுமி டெபியைத் தூக்கிச் செல்கிறார்கள். அவள் தந்தையின் சகோதரன் ஈதன் எட்வர்ட்ஸ் ஆண்டுக்கணக்கில் அவளைத் தேடி அலைகிறான். ஜான் வெய்ன் நடித்த பாத்திரம் என்பதால் பார்வையாளர்கள் அவனை நாயகனாகவே எண்ணிப் பின்தொடர்கிறார்கள். வெகுதூரம் போன பிறகுதான் உறைக்கிறது: அவன் அவளைக் கொல்வதற்காகத் தேடுகிறான். கொமாஞ்சி ஆணோடு வாழ்ந்துவிட்ட வெள்ளைப் பெண் அவன் கணக்கில் உயிரோடு இருக்கத் தகாதவள்.

இந்தக் கொலைவெறியை ஃபோர்ட் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. டி. டபிள்யூ. கிரிஃபித்தின் ‘தி பேட்டில் அட் எல்டர்புஷ் கல்ச்’ (1913) என்ற மௌனப்படத்தில், முற்றுகைக்குள் சிக்கிய ஒரு பெண்ணின் தலைக்கு மேல் துப்பாக்கி பிடித்த கை ஒன்று இறங்குகிறது. எதிரி கையில் அகப்படுமுன் அவளைச் சுட்டுவிட வேண்டுமாம். ஃபோர்டே எடுத்த ‘ஸ்டேஜ்கோச்’ (1939) படத்தில் ஹேட்ஃபீல்ட் என்ற சூதாடி தன் கடைசித் தோட்டாவை லூசி மல்லோரிக்காக ஒதுக்கி வைக்கிறான். அதைப் பரிவின் உச்சமாகவே படம் காட்டுகிறது. லூசியிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அந்தக் காட்சியில் எவருக்கும் தோன்றவில்லை.

சிறைபிடிப்புக் கதை அமெரிக்க எழுத்தின் மிகப் பழைய வடிவங்களில் ஒன்று. 1676இல் மாசசூசெட்ஸின் லங்காஸ்டர் ஊரிலிருந்து பூர்வகுடிகளால் பிடித்துச் செல்லப்பட்ட மேரி ரோலண்ட்சன் மீண்டு வந்து எழுதிய நூல் 1682இல் வெளியாகிப் பரவலாக விற்றது. திரும்பி வர மறுத்தவர்களும் இருந்தார்கள். 1704இல் டீர்ஃபீல்டில் பிடிபட்ட பாதிரியார் மகள் யூனிஸ் வில்லியம்ஸ் மொஹாக் குடும்பத்தில் வளர்ந்து, அங்கேயே மணந்து, அங்கேயே வாழ்ந்து முடித்தாள். ஹாலிவுட் முதல் வகைக் கதையை விரும்பியது. இரண்டாவதைத் தொட அஞ்சியது.

‘தி சர்ச்சர்ஸ்’ படத்துக்குப் பின்னால் நிற்கும் சிந்தியா ஆன் பார்க்கரின் வாழ்க்கை அந்த இரண்டாவது வகை. 1836 மே மாதம் டெக்சாஸின் பார்க்கர் கோட்டைத் தாக்குதலில் பிடிபட்டபோது அவளுக்கு வயது சுமார் ஒன்பது. தாக்குதல் கொடூரமானது, குடும்பத்தினர் பலர் கொல்லப்பட்டார்கள். அதை மறைத்துக் கொமாஞ்சிகளைச் சாதுக்களாக வரைவதில் நியாயம் இல்லை. ஆனால் அதன்பின் 24 ஆண்டுகள் அவள் கொமாஞ்சியாக வாழ்ந்தாள். பீட்டா நொகோனாவை மணந்து மூன்று பிள்ளைகள் பெற்றாள். 1860 டிசம்பரில் டெக்சாஸ் ரேஞ்சர்கள் பீஸ் ஆற்றங்கரையில் அவளைக் கைக்குழந்தையோடு ‘மீட்டார்கள்’. டெக்சாஸ் சட்டமன்றம் அவளுக்கு நிலமும் ஆண்டுக்கு 100 டாலரும் ஒதுக்கியது. அவளோ மீண்டும் மீண்டும் தப்பியோட முயன்றாள். மகள் இறந்தாள். மகன்களைத் திரும்பப் பார்க்காமலே அவளும் இறந்தாள். அவள் வாழ்வில் இரண்டு சிறைபிடிப்புகள் நடந்தன. இரண்டாவதிலிருந்து அவளை மீட்க எவரும் வரவில்லை.

ஆலன் லெ மே 1954இல் நாவல் எழுதியபோதும், ஃபிராங்க் நியூஜென்ட் அதைத் திரைக்கதையாக்கியபோதும் கதையின் மையத்துக்கு வந்தது தேடும் ஆண். தேடியவர்களில்கூட ஒரு தேர்வு நடந்திருக்கிறது. 1864இல் எல்ம் கிரீக் தாக்குதலில் மனைவியையும் மகள்களையும் பறிகொடுத்துத் தேடிப் புறப்பட்ட பிரிட்டன் ஜான்சன், அப்போது அடிமையாக இருந்த கறுப்பினத்தவர். லெ மேயின் கதைக்கு அவரும் ஒரு முன்மாதிரி என்று சொல்வதுண்டு. திரையில் தேடுபவனோ, அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தெற்குப் படையின் முன்னாள் வீரன்.

ஃபோர்ட் இனவெறியைக் காட்டினாரா, அதில் பங்குகொண்டாரா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. இரண்டும் உண்மை என்பதே என் முடிவு. டெபியின் குடும்பம் எடுத்து வளர்த்தவனும் ஈதனோடு தேடப் போகிறவனுமான மார்ட்டின் நாவலில் வெள்ளையன்; அவனைப் படம் எட்டில் ஒரு பங்கு செரோக்கி ஆக்குகிறது. ஈதனின் வெறுப்பு சொந்த வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கே வந்துவிடுகிறது. வெறுப்பு அவனோடு நிற்பதும் இல்லை. மணப்பெண் உடையில் நிற்கும் மார்ட்டினின் காதலி லாரி, டெபியின் தாய் உயிரோடிருந்தால் அவளும் டெபியைச் சுட்டுவிடவே சொல்லியிருப்பாள் என்கிறாள். ஊரே அப்படித்தான் நினைக்கிறது என்பதை ஒரு நல்ல பெண்ணின் வாயால் சொல்லவைத்த துணிச்சல் அந்தக் காலத்தில் அரிது. அதே படம்தான், மார்ட்டினுக்குத் தெரியாமல் மனைவியாகிவிட்ட ‘லுக்’ என்ற பூர்வகுடிப் பெண்ணை அவன் உதைத்து உருட்டிவிடுவதை நகைச்சுவை ஆக்குகிறது. பிறகு குதிரைப்படை அழித்த ஊரில் அவள் பிணமாகக் கிடக்கும்போது நம்மை வருந்தவும் சொல்கிறது. அந்த உதைக்குச் சிரிக்கச் சொன்னதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

டெபி பேசும் வசனங்கள் மிகச் சில. முதல் சந்திப்பில், இவர்கள்தான் என் மக்கள், போய்விடு என்று மார்ட்டினிடம் சொல்கிறாள். இறுதியில் கூடாரத்துக்குள் அவன் வந்து எழுப்பியதும் உடன்வரச் சம்மதிக்கிறாள். இடையில் அவள் மனம் ஏன் மாறியது? படம் சொல்வதில்லை. ஈதன் அவளைக் கொல்லாமல் தூக்கி அணைத்துக்கொண்டதற்கான காரணத்தைத் தேடிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். டெபியின் மாற்றம் அத்தனை கவனம் பெறவில்லை.

ஐந்தாண்டுகள் கழித்து ஃபோர்ட் எடுத்த ‘டூ ரோட் டுகெதர்’ (1961) கலையில் தாழ்ந்தது, நேர்மையில் உயர்ந்தது. மீட்கப்பட்ட எலேனாவை ராணுவ முகாமின் நடன இரவில் அதிகாரிகளின் மனைவிமார் துருவித் துருவிக் கேட்கிறார்கள்; ஏன் தற்கொலை செய்துகொள்ளவில்லை என்பதுவரை கேள்வி போகிறது. கொமாஞ்சியாகவே வளர்ந்துவிட்ட பையன் ஒருவனைத் தன் மகன் என்று நம்பி அவன் கட்டை அவிழ்க்கும் பெண்ணை அவன் கொன்றுவிடுகிறான். கும்பல் அவனைத் தூக்கிலிட இழுத்துப் போகும்போது, சிறுவயதில் கேட்ட இசைப்பெட்டியின் ஒலி அவன் காதில் விழுகிறது. கூட்டத்தில் நிற்கும் அவன் அக்காவுக்கு அப்போதுதான் தம்பி யாரென்று தெரிகிறது. காப்பாற்ற நேரமில்லை. ‘மீட்பு’ என்ற சொல்லின் மீதே அவநம்பிக்கை கொண்ட படம் இது.

இந்தப் படங்களை வரிசையாகப் பார்த்தால் ஒரு விதி தெளிவாகிறது: சிறைப்பட்ட வெள்ளைப் பெண் வாழ வேண்டுமென்றால் அவளுடைய பூர்வகுடிக் கணவன் சாக வேண்டும். ‘தி சர்ச்சர்ஸ்’, ‘ட்ரூப்பர் ஹுக்’ (1957), ‘டூ ரோட் டுகெதர்’, ‘தி ஸ்டாக்கிங் மூன்’ (1968) என எல்லாவற்றிலும் அவன் கொல்லப்படுகிறான். பூர்வகுடிப் பெண்ணை வெள்ளையன் மணந்தாலும் சாவது அவள்தான். ‘புரோக்கன் ஆரோ’ (1950) நினைவிருக்கலாம். ‘தி அன்ஃபர்கிவன்’ (1960) படத்தில் கியோவா ரத்தம் என்று தெரியவரும் ரேச்சல், உடன்பிறந்த அண்ணனையே சுட்ட பிறகுதான் வெள்ளைக் குடும்பத்தில் நிலைக்கிறாள். ரேச்சலாக நடித்தவர் ஆட்ரி ஹெப்பர்ன். ‘தி சர்ச்சர்ஸ்’ படத்தில் கொமாஞ்சித் தலைவன் ஸ்காராக நடித்த ஹென்றி பிராண்டன் ஜெர்மனியில் பிறந்தவர். கலப்பைப் பற்றிய கதையைக் கலப்பில்லாத நடிகர்களை வைத்தே ஹாலிவுட் சொன்னது. பூர்வகுடிகளின் பக்கம் நின்றதாகப் புகழ்பெற்ற ‘டான்ஸஸ் வித் வுல்வ்ஸ்’ (1990) படத்திலும் நாயகன் காதலிப்பது லக்கோட்டாக்களிடம் வளர்ந்த வெள்ளைப் பெண்ணைத்தான்.

‘தி சர்ச்சர்ஸ்’ படமாக்கப்பட்ட மானுமென்ட் பள்ளத்தாக்கு நவஹோக்களின் நிலம். திரையில் கொமாஞ்சிகளாகக் குதிரையேறி வருபவர்களும் நவஹோக்கள்தான். அவர்களுடைய முன்னோரை 1864இல் அமெரிக்க ராணுவம் ஆயிரக்கணக்கில், நூற்றுக்கணக்கான மைல்கள் நடத்திச் சென்று நியூ மெக்சிகோவின் பாஸ்க் ரெடோண்டோவில் அடைத்தது. பசியிலும் நோயிலும் ஏராளமானோர் மடிந்தார்கள். எஞ்சியவர்களை ஊர் திரும்ப அனுமதித்த ஒப்பந்தம் கையெழுத்தானது 1868 ஜூனில், டெபி காணாமல்போவதாகப் படம் சொல்லும் அதே ஆண்டில். அந்தப் பேச்சுவார்த்தையில் தலைவர் பார்போன்சிட்டோ, பிறர் வீடுகளில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த நவஹோக்களைத் திருப்பித் தரும்படி கேட்டார். அவர்களைத் தேடிப் போனவர்களைப் பற்றி ஃபோர்ட் படம் எடுக்கவில்லை. அந்த மண்ணில் கேமராவை நிறுத்திய வேறு ஸ்டூடியோக்களும் எடுக்கவில்லை.