ஓய்வும் உலாவும்: உடமாரோவின் அச்சுப்படங்களும் காளத்தி மரபும்

சப்பானிய மரக்கட்டை அச்சுப்படங்களைப் பெண்களின் ஓய்வுப் பொழுதைக் காட்டுவனவாக வகைப்படுத்துவது கலைநூலாரிடையே வழக்கம். கித்தகாவா உடமாரோவின் (இறப்பு 1806) படைப்புகளை நோக்கின் இவ்வகைப்பாடு முழுதும் பொருந்துவதாக இல்லை.

1794-ஆம் ஆண்டளவில் அவர் வரைந்த 'யோசிவாராவின் பன்னிரு பொழுதுகள்' இதற்குத் தக்க சான்றாகும். யோசிவாரா, எதோ நகரில் அரசின் உரிமம் பெற்றிருந்த பரத்தையர் பகுதி. அங்கிருந்த பெண்களுள் பலர் வறுமையால் இளமையிலேயே விற்கப்பட்டு, கடனால் கட்டுண்டவர்கள். விடியலில் ஒருத்தி விருந்தினனின் மேலாடையை ஏந்தி நிற்கிறாள். அதன் உட்புறத்தில் போதிதருமர் உருவம் தீட்டப்பட்டுள்ளது (காஞ்சியோடு தொடர்புபடுத்தப்படும் அத்துறவி இங்கே வந்து சேர்ந்தது வியப்பே). ஆடைக்குரியவன் படத்தில் இல்லை. நள்ளிரவு கடந்த பொழுதில் வேறொருத்தி, கையில் தாளும் சிறு தீயுமாய், உறக்கம் கலையாமல் காலணியில் கால் நுழைக்கிறாள். பன்னிரண்டு படங்களிலும் தொழிலின் இடைவேளை உண்டு. ஓய்வு என்று சொல்லத்தக்கது அரிது.

தமிழில் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது உலா இலக்கியம். உ.வே. சாமிநாதையர் 1904-இல் பதிப்பித்த, சேறைக் கவிராச பிள்ளையின் திருக்காளத்திநாதருலா அவ்வகையினது. உலா மரபில் ஏழு பருவ மகளிரின் சிற்றில், அம்மானை, பந்து, ஊசல் முதலியன பேசப்படுவது தலைவன் வீதியில் வரும்வரைதான். வந்தபின் எஞ்சுவது மையல். உடமாரோ ஆடவனைப் படத்தினின்று நீக்கி, படம் வாங்குவோனை அவனிடத்தில் நிறுத்துகிறார். உலாப் புலவர் தலைவனைத் தேரிலேற்றி முன்னே கொணர்கிறார். இரண்டிலும் பெண்ணின் பொழுது பிறர் காண்பதற்கே உரியது.

அதே காளத்தியின் கலம்காரித் துணியோ வேறு வகையினது. மூங்கில் எழுதுகோலால் இராமாயணமும் பாரதமும் தீட்டப்படும் அங்கே பெண் பெரும்பாலும் தேவியாகவோ காப்பியத் தலைவியாகவோதான் இடம்பெறுகிறாள். கடுக்காயும் பாலும் ஊட்டிய துணியில், வெல்லமும் இரும்பும் ஊறிய கருமையால் கோடிழுத்து, படிகாரமிட்டு, சொர்ணமுகியாற்றில் அலசும் இத்தொழிலில் இன்று பெண்கள் பலர் ஈடுபட்டுள்ளனர். பட்டுப்புழு வளர்க்கும் மகளிரை உடமாரோ பன்னிரு தாள்களில் வரைந்தார். கலம்காரிப் பெண்கள் சீதையைத் தீட்டுகின்றனர். துணி அலசும் தம்மைத் தீட்டுவதில்லை. வாங்குவோர் கேட்பதில்லை என்பது இதற்குரிய காரணங்களுள் ஒன்றாகலாம். அக்காரணம் எதோ நகரத்திற்கும் பொருந்தும்.