முகப்புப் படம்

எங்கள் துறையில் முதுகலை முடித்துப் போன மாணவி ஒருத்தி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எனக்கு இரண்டு புகைப்படங்களை அனுப்பினாள். முதல் படத்தில் அவள் எப்போதும் இருப்பதுபோல் இருந்தாள். கண்ணாடி, பருத்திச் சுடிதார், பின்னால் புத்தக அலமாரி. இரண்டாவது படத்தில் கண்ணாடி இல்லை. பட்டுச்சேலை, மல்லிகைப்பூ, ஏதோ ஒரு செயலியின் தயவில் இரண்டு படி வெளுத்த முகம். "எதைப் போடட்டும்மா?" என்று கேட்டிருந்தாள்.

வெளிநாட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு இணையவழியில் பேச்சுத் தமிழ் கற்றுத்தரும் ஒரு நிறுவனத்தில் அவள் சேர்ந்திருந்தாள். முதல் மாதம் நான்கே வகுப்புகள் கிடைத்தன. நிறுவனத்திலிருந்து பேசியவரும் ஒரு பெண்தான். பாடம் எப்படி எடுக்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. படத்தை மாற்றச் சொன்னார். கொஞ்சம் 'பிரைட்'டாக, சிரித்த மாதிரி, 'டிரெடிஷன'லாக. வட்டார வழக்குச் சொற்களைப் பற்றி ஆய்வேடு எழுதியவள் அவள். பேச்சுத் தமிழ் கற்க வருகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான தகுதி வேறென்ன? ஆனால் அந்தத் தகவல் அவள் பக்கத்தின் அடியில், 'மேலும் வாசிக்க' என்பதை அழுத்தினால் மட்டுமே தெரியும் இடத்தில் இருந்தது.

'முதல் படம்' என்று உடனே பதில் அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகுதான், அந்தப் பதில் எனக்கு எவ்வளவு எளிதாக வந்தது என்று உறைத்தது. என் சம்பளம் என் படத்தைப் பார்த்து வருவதில்லை.

பெரியவர்களுக்கு மொழி கற்றுத்தரும் இணையச் சந்தையின் அமைப்பை ஒருமுறை பார்த்தால் போதும். வரிசையாக முகங்கள். முகத்தின் கீழே பெயர், நட்சத்திரங்கள், ஒரு வகுப்புக்கான விலை. அழுத்தினால் ஒரு சிறு அறிமுகக் காணொளி. கற்க வருகிறவருக்கு அந்த மொழி தெரியாது. ஆசிரியரின் தமிழ் நல்ல தமிழா என்று எடைபோட அவரிடம் அளவுகோல் இல்லை. தெரிந்த ஒன்றை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க முடியும். முகம் எல்லோருக்கும் தெரியும். அறிவை அளக்க முடியாத இடத்தில் அழகை அளவுகோலாக வைப்பது வியாபாரத்துக்கு வசதி. அது வாடிக்கையாளரின் விருப்பம் என்று நிறுவனம் சொல்லும். ஆனால் படத்தைப் பெரிதாகவும் படிப்பைச் சிறிதாகவும் வைத்தது வாடிக்கையாளர் அல்ல.

இந்த வியாபாரம் ஜப்பானில் நன்றாக வேர்விட்டது. அங்கே பெரியவர்களுக்கான ஆங்கில உரையாடல் வகுப்புகளை 'எய்காய்வா' என்பார்கள். இன்க்ரிட் பில்லரும் கிமியே தகாஹாஷியும் 2006இல் வெளியிட்ட ஆய்வு, ஜப்பானியப் பெண்களின் ஆங்கில ஆசையையும் அதை வளர்த்த விளம்பரங்களையும் ஆராய்ந்தது. அந்த விளம்பர உலகில் ஆசிரியர் பெரும்பாலும் வெள்ளைக்கார இளைஞர். ஆங்கிலமும் மேற்கத்திய வாழ்வும் மென்மையான ஆணின் காதலும் ஒரே பொட்டலமாகக் கட்டப்பட்டிருந்தன. ஜப்பானிய ஆண்களைப்போல இல்லாமல் பெண்களை மதிக்கிறவர் என்ற கற்பனையும் அதில் அடக்கம்.

ஆக, இது ஆண் பார்வைக்குப் பெண்ணை விற்பது மட்டுமல்ல, பெண்ணுக்கு ஆணை விற்பதும் நடந்தது என்று யாராவது சமன் செய்யக்கூடும். அந்தச் சமன் நிற்காது. அங்கே விற்கப்பட்டது யாருடைய ஏக்கம் என்று பாருங்கள். வீட்டிலும் அலுவலகத்திலும் மதிப்புக் கிடைக்காத பெண்ணின் ஏக்கம் அது. அவளுக்குத் தரவேண்டிய மதிப்பைத் தராத சமூகம், அதற்கான ஏக்கத்தை மாதக் கட்டணத்துக்கு அவளிடமே விற்றது. வெள்ளை ஆணுக்கோ, ஆங்கிலம் அவன் பிறந்த மொழி என்பதே பல இடங்களில் தகுதியாகிவிட்டது. அங்கே பெரிய சங்கிலி நிறுவனமாக இருந்து 2007இல் திவாலான நோவா, ஆசிரியர்கள் மாணவர்களோடு வகுப்புக்கு வெளியே பழகக்கூடாது என்று விதி வைத்திருந்தது. விளம்பர உலகம் நெருக்கத்தைக் காட்டி அழைக்கும். பணி ஒப்பந்தம் அதே நெருக்கத்தைத் தடை செய்யும். இரண்டுக்கும் நடுவில் நின்று சமாளிப்பது ஆசிரியரின் பாடு.

அடுத்த கட்டத்தில் முகம் மாறியது. 2007இல் தொடங்கிய ரேர்ஜாப் போன்ற நிறுவனங்கள், பிலிப்பைன்ஸில் இருக்கும் ஆசிரியர்களை ஸ்கைப் வழியாக ஜப்பானியரோடு இணைத்தன. வகுப்புக்கு 25 நிமிடம், கட்டணம் மிகக் குறைவு. இதற்கு ஒரு முன்கதை உண்டு. 2004இல் மட்டும் 80,000க்கும் மேற்பட்ட பிலிப்பைன்ஸ் நாட்டவர், பெரும்பாலும் பெண்கள், 'கேளிக்கைக் கலைஞர்' விசாவில் ஜப்பானுக்குப் போனார்கள். பலர் வேலை செய்தது மதுவிடுதிகளில். ஆண்களுக்குப் பக்கத்தில் அமர்ந்து, சிரித்து, பேச்சுக் கொடுப்பது வேலை. ஆள்கடத்தல் குறித்த உலகக் கண்டனத்துக்குப் பிறகு, 2005இல் ஜப்பான் அந்த விசா விதிகளை இறுக்கியது. இரண்டும் ஒரே தொழில் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது பல்கலைக்கழகப் பட்டத்தோடு வகுப்பெடுக்கும் அந்தப் பெண்களுக்கும், மதுவிடுதியில் உழைத்த பெண்களுக்கும் சேர்த்தே அவமரியாதை. ஆனால் பார்க்கிறவரின் கண்ணில் பழைய பிம்பம் மிச்சமிருந்தது. பிலிப்பைன்ஸ் ஆசிரியைகள் இந்தத் தொழிலில் எப்படிச் சித்திரிக்கப்படுகிறார்கள் என்று ஆராய்ந்த மிசாகோ தாஜிமாவின் கட்டுரை, அந்தச் சித்திரிப்பின் பால்தன்மையைத்தான் பேசுகிறது. இனிமையானவர், பொறுமையானவர், எப்போதும் சிரிப்பவர். இவை பாடத்திறனின் பெயர்கள் அல்ல. நல்ல மனைவிக்கு நம் ஊரிலும் சொல்லும் பெயர்கள்.

தன் அழகைத் தானே முன்வைத்த ஆசிரியை இல்லையா? இருக்கிறார். ரஷ்யாவில் மொழியியல் படித்து ஆசிரியராக இருந்த மரீனா ஒர்லோவா, 2007இல் யூடியூபில் ஆங்கிலச் சொற்களின் பிறப்பு வரலாற்றைச் சொல்லத் தொடங்கினார். கவர்ச்சியான உடையும் கொஞ்சும் பேச்சும் அவரே தேர்ந்த உத்தி. பெரும் கூட்டம் சேர்ந்தது, புத்தகமும் வந்தது. அவரைப் பழிக்க எனக்கு மனமில்லை. சொல்லாராய்ச்சிக்கு எத்தனை பேர் வருவார்கள் என்பது தமிழ்த்துறையில் இருக்கும் எனக்குத் தெரியும். கடையும் அவருடையது, கல்லாவும் அவருடையது. என் மாணவியிடம் கடையும் இல்லை, கல்லாவும் இல்லை. அவளுக்கு அது தேர்வு அல்ல, வேலை நிபந்தனை.

ஈர்ப்பும் கல்வியும் எதிரிகள் என்று நான் நினைக்கவில்லை. இளங்கலையில் எனக்கு யாப்பு நடத்திய அம்மாவின் குரலுக்காகவே முதல் வரிசையில் உட்கார்ந்தேன். அந்தக் குரலின் வழியாகத்தான் அசை பிரிக்கக் கற்றேன். ஆனால் அந்த ஈர்ப்பு பாடத்திலிருந்து எழுந்தது. வகுப்புக்கு முன்பே யாரும் எனக்கு அதை விற்கவில்லை. என்னைத் திருப்திப்படுத்தும் கடமை அவருக்கு இல்லை. சீர் தட்டினால் திட்டுவார். நான் அவருக்கு நட்சத்திரம் போட முடியாது.

ஆர்லி ஹாக்ஸ்சைல்டு 1983இல் விமானப் பணிப்பெண்களை வைத்து உணர்ச்சி உழைப்பு என்ற ஒன்றைப் பேசினார். சிரிப்பும் சம்பளத்துக்கு உட்பட்ட வேலை ஆகிறது என்றார். இணைய ஆசிரியைக்கு அது இன்னும் கடினம். மாணவர் பாடத்தை விட்டுவிட்டுக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்பார். அழைப்பைத் துண்டித்தால் நட்சத்திரம் குறையும். நட்சத்திரம் குறைந்தால் வரிசையில் கீழே போவாள். எனவே சிரித்துக்கொண்டே, "நல்ல கேள்வி, இதைத் தமிழில் கேளுங்கள்" என்று அதையும் பாடமாக்குவாள். அந்தத் திறமைக்குக் கூலி கிடையாது.

இதையெல்லாம் எழுதும் என் கவிதைத் தொகுப்பின் பின்னட்டையில் என் படம் இருக்கிறது. பதிப்பாளர் மூன்று படங்கள் கேட்டார், பத்து வருடம் பழைய படத்தைத் தேர்ந்தார், நான் மறுக்கவில்லை. உள்ளுக்குள் மகிழ்ந்தேன் என்பதும் உண்மை. கவிதைக்கும் அந்த முகத்துக்கும் என்ன தொடர்பு என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் மாணவியைத் தொலைபேசியில் அழைத்தேன். "நீங்க சொல்றது சரிதாம்மா, ஆனா நாலு கிளாஸ்தானே வந்துச்சு" என்றாள். வீட்டு நகைகள் அடகில் இருக்கின்றன. இரண்டாவது படத்தைப் போட்டுவிட்டாள். வகுப்புகள் கூடின. ஆனால் முதல் வாரமே ஒருவர், போட்டோவில் இருந்த மாதிரி இல்லையே என்று கேட்டு, ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் போட்டார். படம் ஒரு வாக்குறுதியாகிவிட்டது. அதை அவள் மீறிவிட்டாளாம்.

அவளிடம் படத்தை மாற்று என்று மறுபடி சொல்ல எனக்கு உரிமையில்லை. நிறுவனங்களிடம் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. படம் போடுவது ஆசிரியரின் விருப்பமாக இருக்கட்டும். முகத்துக்கு முன்னால் படிப்பும் ஒரு மாதிரிப் பாடமும் தெரியட்டும். அத்துமீறும் மாணவரின் அழைப்பைத் துண்டிப்பவளுக்கு நட்சத்திரம் குறையாதிருக்கட்டும். இணையத்தில் மொழி கற்கும் பெண்கள் நம்மிலும் உண்டு. முகங்களின் வரிசையில் நாம் எந்த முகத்தில் விரல் வைக்கிறோம் என்பதையும் கொஞ்சம் கவனிப்போம்.

அவள் இப்போது அறிமுகக் காணொளியை மட்டும் மாற்றியிருக்கிறாள். தன்னைப் பற்றிப் பேசாமல், 'வந்தேன்' என்பதற்கும் 'வந்துட்டேன்' என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டு நிமிடத்தில் நடத்துகிறாள். கண்ணாடி போட்டிருக்கிறாள். ஏன் என்று கேட்டேன்.

"அது இல்லாம போர்டுல எழுதினது தெரிய மாட்டேங்குதும்மா" என்றாள்.