ஒரு பில்லியன் டாலர் புலம்பல்

சாட்டிலைட் என்றதும் ஆர்தர் சி. கிளார்க்குக்கு ஒரு கும்பிடு போட்டுவிடுகிறோம். அந்தக் கட்டுரையைப் படித்தவர்கள் எத்தனை பேர்? 'வயர்லெஸ் வேர்ல்டு' அக்டோபர் 1945 இதழில் நாலே பக்கம்.

கணக்கு இன்றைக்கும் அசத்துகிறது. பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் பொருள், பூமியோடு சேர்ந்தே ஒரு சுற்று வரும். கீழேயிருந்து பார்த்தால் நின்ற இடத்திலேயே நிற்கும். மூன்று இருந்தால் உலகம் பூரா பேசலாம். சபாஷ்.

சறுக்கியது ஆட்களை ஏற்றியதில். அவர் அனுப்ப நினைத்தது பரிசோதனைக்கூடமும் குடியிருப்பும் கொண்ட விண்நிலையம். ஊழியர்களுக்குச் சோறு ராக்கெட்டில் போகும். வால்வு ரேடியோ காலம் சார் அது. வால்வு போனால் மாத்த ஒருத்தர் வேணுமே!

1965 ஏப்ரல் 6-ல் மேலே போனது 'ஏர்லி பேர்ட்'. வியாபாரத்துக்கென்று போன முதல் நிலை சாட்டிலைட். எடை 40 கிலோவுக்கும் குறைவு, கல்யாண வீட்டு அண்டா சைஸ். 240 டெலிபோன் பேச்சு, அல்லது ஒரே ஒரு டி.வி. சானல், டி.வி. வந்தால் போன் கட். ஆள், சோறு எதுவும் கிடையாது. ஹியூஸ் கம்பெனியின் ஹரால்டு ரோசன், வில்லியம்ஸ், ஹட்ஸ்பெத் மூவரும் அதைப் பம்பரமாகச் சுழல விட்டே நிலைநிறுத்தினார்கள். கிளார்க்கின் நாலு பக்கத்தில் இல்லாத யோசனை இந்தச் சின்னத்தனம்தான். (நல்ல அர்த்தத்தில்!)

அதே 1965-ல், ஓய்வு நேரத்தில் ஒரு பில்லியன் டாலரைக் கோட்டைவிட்டேன் என்று கிளார்க் ஒரு கட்டுரை எழுதினார். 'வாய்சஸ் ஃப்ரம் தி ஸ்கை' தொகுப்பில் இருக்கிறது. தன்னையே கிண்டலடிக்கும் எழுத்து, சுகமாகப் போகிறது. ஆனால் அந்த பில்லியனை நான் நம்பவில்லை. அமெரிக்கப் பேட்டன்ட் அப்போது 17 வருஷம். 1945-லேயே கையில் கிடைத்திருந்தாலும் 1962-ல் காலாவதி. ரோசனின் 'சின்காம்-2' போனதே 1963-ல். ஆனால் கிளார்க்கைத் தெரிந்த அளவுக்கு ரோசனை யாருக்குத் தெரியும்? எழுதத் தெரிந்தவருக்குத்தான் பேர்.

ஏர்லி பேர்டுக்குக் குறித்த ஆயுள் 18 மாதம். உழைத்தது நாலு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. 1969 ஜனவரியில் ஓய்வு கொடுத்தார்கள். அந்தக் கோடையில், அப்போலோ-11 சந்திரனுக்குப் போகும் சமயம் பார்த்து, அட்லான்டிக் மேலிருந்த புது சாட்டிலைட் மக்கர் பண்ணிவிட, கிழவரை எழுப்பி மறுபடி வேலைக்கு வைத்தார்கள். எழுந்து வேலை செய்தது.