முத்துக்குளிப்போரின் ஆடலும் புயலும்: ஓர் இசைநாடகமும் மன்னார்க் கரையும்

பிரெஞ்சு இசையமைப்பாளர் ஜோர்ஜ் பிசேயின் ‘முத்துக்குளிப்போர்’ என்னும் இசைநாடகம் 1863ஆம் ஆண்டு செப்டெம்பர் 30ஆம் நாள் பாரிசு நகரிலே முதன்முதலாக அரங்கேறியது. அப்போது பிசேக்கு வயது 24. நாடகத்தின் களம் பழைய இலங்கையின் கடற்கரை. இந்நாடகம் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் தவறாது கூறும் துணுக்குச் செய்தி ஒன்றுண்டு. நாடகாசிரியர்களான கோர்மோனும் கரேயும் கதையை முதலில் மெக்சிக்கோவிலே நிகழ்வதாக அமைத்திருந்தனர். பின்னரே அது இலங்கைக்கு மாற்றப்பட்டது. சுவையான செய்தி என்ற அளவிலே இது கூறப்பட்டு விடப்படுவது வழக்கம். ஆயின், ஒரு நாட்டுக்கென எண்ணப்பட்ட கதை இன்னொரு நாட்டுக்கு இத்துணை எளிதாகப் பெயர்க்கப்படுமாயின், அதிலே அந்நாட்டு மக்களின் உழைப்புக்கு என்ன இடம் இருந்திருக்க முடியும் என்ற வினா எழுகின்றது. அவ்வினாவுக்கு விடை காணும் முயற்சியாகவே இக்கட்டுரை அமைகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இலங்கை முத்து என்றால் அது மன்னார் வளைகுடா முத்தேயாகும். அரிப்பு, சிலாபத்துறை, மறிச்சுக்கட்டி ஆகிய கரைகளுக்கு அப்பாலுள்ள பார்களிலேதான் சலாபம் நிகழ்ந்தது. பிரித்தானியரின் முதலாவது தேசாதிபதியான பிரெடரிக் நோத், சலாபத்தின்போது தங்கி மேற்பார்வை செய்வதற்கென அரிப்பிலே கிரேக்கப் பாணியில் ஒரு மாளிகையைக் கட்டுவித்தார். இடிபாடாக நிற்கும் அதனை மக்கள் அல்லிராணிக் கோட்டை என்பர். முத்தின் வருவாயைக் கணக்கிட எழுந்த கட்டடம் மக்கள் வழக்கிலே ஒரு கதையரசியின் பெயரைப் பெற்றுவிட்டது. வரலாறு கதையால் மூடப்படுவதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டாகும்.

இனி, நாடகத்தை நோக்குவோம். திரை விலகும்போது கடற்கரையிலே முத்துக்குளிப்போர் ஆடிப் பாடுகின்றனர். தீய ஆவிகளை விரட்டுவதற்கான ஆடல் அது. சூர்கா என்பவனைத் தம் தலைவனாக அவர்கள் தெரிந்தெடுக்கின்றனர். ஆண்டுதோறும் வரும் முக்காடிட்ட பெண்ணொருத்தி பாறைமீதிருந்து பாட, அப்பாடல் குளிப்போரைக் கடலின் தீமைகளினின்றும் காக்கும் என்பது அவர்களது நம்பிக்கை. இம்முறை வருபவள் லெய்லா. கன்னிமை காப்பதாக அவள் சூளுரைக்கின்றாள். அச்சூளைக் காப்பின் மிகச் சிறந்த முத்து அவளுக்கெனச் சூர்கா வாக்களிக்கின்றான். இரண்டாம் அங்கத்தின் இறுதியிலே அவள் காதலனுடன் காணப்படுகின்றாள். புயல் எழுகின்றது. அவளது பிழையே புயலைக் கொணர்ந்ததென மக்கள் கொதித்தெழுந்து, இருவரது உயிரையும் கேட்கின்றனர். இறுதியங்கத்திலே சிதையைச் சூழ்ந்து மீண்டும் ஆடல்.

ஆக, ஆடல் தொடங்கிவைக்கும் நாடகத்தைப் புயல் திருப்பிவிட, ஆடலே முடிவை நோக்கி இட்டுச்செல்கின்றது. இடையிலே எவரும் மேடையிற் கடலுள் இறங்குவதில்லை. முத்து யார் கைக்குச் செல்கின்றது என்பதும் பேசப்படுவதில்லை. ஊதியம் எனத்தக்க ஒன்று பேசப்படும் இடம் லெய்லாவுக்கு அளிக்கப்படும் வாக்குறுதியே. அதுவும் குளிப்பவனுக்குரியதன்று, பாடுபவளுக்குரியது.

மன்னார்க் கடலிலே காற்றும் மழையும் இவ்வாறு இயங்கவில்லை. வாடை ஓய்ந்து சோளகம் எழுமுன் கடல் அமைதியுறும் இடைக்காலம் ஒன்றுண்டு; மாசி முதல் சித்திரை வரையிலான அக்காலமே சலாபத்தின் காலம். கடும்புயல்கள் இக்கரையைத் தாக்குவது பெரும்பாலும் கார்த்திகை, மார்கழி மாதங்களிலேயே. தனுஷ்கோடியை அழித்து, தலைமன்னாரையும் தாக்கிய 1964ஆம் ஆண்டுப் புயல் டிசெம்பர் 22, 23ஆம் நாள்களில் வீசியது. எனவே, சலாபத்தின் நடுவே நாடகாசிரியர்கள் எழுப்பிய புயல் பருவந்தவறிய புயலாகும். இதனை வெறும் தகவற் பிழையாகக் கொண்டு நகைத்தல் எமது நோக்கமன்று. அப்பிழை நாடகத்திலே என்ன தொழிலைப் புரிகின்றது என்பதே நாம் நோக்கவேண்டியது.

சலாபத்திலே காற்று வேலைநேரத்தை வகுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பேர்சிவல், கோடினர் முதலியோர் எழுதிய குறிப்புகளின்படி, இரவிலே தரைக்காற்று எழ, வள்ளங்கள் கரையை விட்டுப் புறப்படும். விடியும்போது பார்களை அடையும். நண்பகலளவில் கடற்காற்று எழ, அதனைப் பற்றிக் கரை திரும்பும். இவ்விரு காற்றுகளுக்கும் இடைப்பட்ட பொழுதே குளிப்பவனின் வேலைநாள். காலிலே கல்லின் பாரம், இடையிலே கயிறு, ஏறத்தாழ ஒரு நிமிட மூச்சு என்பனவே அவனது தொழிற்கருவிகள். தூத்துக்குடி, கீழக்கரை, யாழ்ப்பாணம் ஆகிய இடங்களினின்றும் பாரசீக வளைகுடாவினின்றும் அவர்கள் வந்தனர். அவ்வாறு எடுத்த சிப்பிகளுள் மூன்றில் இரண்டு பங்கை அரசு கொண்டது. எஞ்சிய ஒரு பங்கே குளித்தவர்களுக்கு. இது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலவிய முறை. 1905ஆம் ஆண்டுச் சலாபத்திலே எட்டுக் கோடி அளவிலான சிப்பிகள் எடுக்கப்பட்டன. மறு ஆண்டே பார்கள் ஒரு பிரித்தானிய நிறுவனத்துக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. 1907க்குப் பின் சிப்பி அருகியது. நிறுவனமும் சில ஆண்டுகளில் முறிந்தது.

பருவத்தை இவ்வாறு அறிந்த பின்னர் லெய்லாவின் பாறைக்கு மீள்வோம். அவளுக்கு நிகரான ஒருவர் மன்னார்க் கரையிலே உண்மையில் இருந்தார். ‘கடல்கட்டி’ என்பது அவர் பெயர். மந்திரத்தாற் சுறாக்களின் வாயைக் கட்டுபவர் எனக் கருதப்பட்டவர். அவரின்றிக் கடலில் இறங்கக் குளிப்போர் தயங்கியமையால், அரசே அவருக்கு ஊதியம் வழங்கியது. 1859இல் வெளிவந்த தமது நூலிலே எமேர்சன் தெனந்து இதனைப் பதிவுசெய்துள்ளார். நம்பிக்கையுங்கூட இங்கே உற்பத்திச் செலவிலே சேர்க்கப்பட்டிருந்தது என்பது மனங்கொளத்தக்கது. ஆட்சியாளருக்கு அதில் நம்பிக்கை வேண்டியிருக்கவில்லை; வள்ளங்கள் புறப்பட வேண்டியிருந்தது. நாடகமோ கூலிபெற்ற கடல்கட்டியை நீக்கி, அவ்விடத்திலே கன்னிப்பெண்ணை நிறுத்துகின்றது. அரசும் பங்கும் ஏலமும் மறைந்து, பெண்ணின் கற்பும் தெய்வத்தின் சினமும் முன்னிற்கின்றன. பருவந்தவறிய புயல் ஆற்றும் தொழில் இதுவே. மனிதர் தமக்குள் வகுத்த உறவுகளை அது இயற்கையின் தீர்ப்பாக மாற்றிவிடுகின்றது.

இதற்கு மறுப்பொன்று கூறப்படலாம். இசைநாடகம் வரலாற்று ஆவணமன்று. எமது கூத்துகளும் அரசர்களையும் அற்புதங்களையுமே பாடுகின்றன என்பர். இம்மறுப்பு நியாயமானதே. மன்னாரின் கத்தோலிக்க நாடக மரபிலே வழங்கிய ‘என்றீக் எம்பரதோர்’, ‘மூவிராசாக்கள்’ முதலியவற்றைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிலே பதிப்பித்தார். அப்பெயர்களே அவை யாரைப் பாடுகின்றன என்பதைக் காட்டும். சலாபத்துக்கு அண்மையிலேயே வாழ்ந்த மக்கள், குளிப்பவனைத் தம் மேடையின் தலைவனாக்கவில்லை. தலைவன் அரசனாகவே இருத்தல் வேண்டும் என்ற நிலவுடைமைக் கருத்தியல் அங்கும் ஆட்சி செலுத்தியது. இதனை மறைத்துவிட்டுப் பிசேயை மட்டும் குறைகூறுதல் நேர்மையாகாது.

ஆயினும், இரண்டுக்கும் அடிப்படையான வேறுபாடொன்று உண்டு. மன்னார்க் கூத்தை ஆடியோர் உழைக்கும் மக்களே. அறுவடை முடிந்து, வானம் வெளித்து, திறந்த வெளியிலே இரவு முழுவதும் விழித்திருக்கக்கூடிய மழையற்ற மாதங்களில் அவர்கள் ஆடினர். கதை தொழிலை மறந்தாலும் ஆடும் காலம் அதனை மறக்கவில்லை. கரைவலை இழுக்கும்போது பாடப்படும் அம்பாப் பாட்டிலே இத்தொடர்பு இன்னும் நேரடியானது. இழுக்கும் கைகளின் ஒன்றிப்பே அங்குத் தாளம். தொழிலின் அசைவிலிருந்தே தாளம் பிறந்தது என்ற கருத்தைக் கார்ல் பூச்சர் 1896இல் விரிவாக முன்வைத்தார். ஜோர்ஜ் தொம்சன் அதனைக் கவிதையின் தோற்றத்துடன் இணைத்து வளர்த்தார். தொம்சனிடம் பயின்ற கைலாசபதி, சிவத்தம்பி ஆகியோர் வாயிலாக அது எமது ஆய்வுலகுக்கு வந்தது. பிசேயின் முத்துக்குளிப்போரிடம் ஆடல் மிகுதி. ஆனால் அவ்வாடலுக்குப் பின்னே எந்த வேலையின் அசைவும் இல்லை. அதனாலேயே அவர்களை மெக்சிக்கோவிலும் நிறுத்தலாம், மன்னாரிலும் நிறுத்தலாம்.

வெளியாரால் இக்கரையை வேறுவிதமாக எழுத முடியாதா? முடியும் என்பதற்கு லெனாட் வுல்வ் சான்று. 1906ஆம் ஆண்டு மறிச்சுக்கட்டிச் சலாபத்திலே அதிகாரியாகப் பணியாற்றிய அவர், அவ்வனுபவத்திலிருந்து எழுதிய ‘முத்துக்களும் பன்றிகளும்’ எனப் பொருள்படும் தலைப்பையுடைய சிறுகதையை 1921இல் வெளியிட்டார். அதிலே புயல் இல்லை. வெயிலும், அழுகும் சிப்பியின் நாற்றமும், ஈக்களும் உள்ளன. குளிக்கச் சென்று பிணமாகக் கரைக்குக் கொணரப்படும் அரேபியன் ஒருவனும் உள்ளான். அதிகாரியின் பார்வை என்ற எல்லையை வுல்வும் முற்றாகக் கடந்தாரல்லர். எனினும், முத்தின் பின்னே ஓர் உடல் உண்டென்பதை அவரது கதை மறக்கவில்லை.

பிசேயின் இசையின் அழகை நாம் மறுக்கவில்லை. நண்பர் இருவர் இணைந்து பாடும் பகுதி இன்றும் உலகெங்கும் விரும்பிக் கேட்கப்படுகின்றது. எமது கவலை வேறு. பாடசாலைப் போட்டிகளிலும் கலைவிழாக்களிலும் ‘மீனவர் நடனம்’ என ஒன்று ஆடப்படுவதை நாம் அறிவோம். வண்ண உடை, அட்டைத் துடுப்பு, நீலத் துணியாலான அலை, இடையிலே ஒரு புயல், அது தணிந்தபின் மகிழ்ச்சி ஆரவாரம் என அது அமையும். சம்மாட்டியின் முற்பணம் அதில் இல்லை. விலையை வகுக்கும் வியாபாரி இல்லை. வாடைக்கும் சோளகத்துக்கும் ஏற்பக் கரைமாறி வாடியமைக்கும் குடும்பங்களும் இல்லை. பாரிசு மேடைக்காக இலங்கையைக் காணாதோர் செய்ததை, மன்னார்ப் பிள்ளைகளைக் கொண்டு நாமே செய்கின்றோம். அப்பிள்ளைகளுட் பலரின் தந்தையர் அவ்வேளையிலே கடலில் இருப்பர்.

அந்நடனத்தைப் பயிற்றுவோர் முதலிற் செல்லவேண்டிய இடம் கரைவலை இழுக்கப்படும் கரையேயாகும். அங்கே கால்கள் மணலில் எவ்வாறு ஊன்றப்படுகின்றன, எந்தக் காற்றுக்கு எந்தத் தொழில் நிற்கின்றது, பிடித்த மீன் எவ்வாறு பங்கிடப்படுகின்றது என்பவற்றை அவர்கள் கேட்டறிதல் வேண்டும். அவ்வறிவிலிருந்து எழும் ஆடலை வேறொரு நாட்டுக்கு அத்துணை எளிதாகப் பெயர்த்துவிட முடியாது.